கிம்புலாவும் மாட்டின் மேல் பல்லும்

இரத்தோட்டை ரோட்டில் கிம்புலாவுக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தால், அதை ஆண்டவர் இன்னும் படைக்கவில்லை என்று அர்த்தம். இதை நான் சொல்லவில்லை. பஸ் கண்டக்டர் சொன்னான். டெய்லர் சொன்னார். கோயில் வாசலில் மெழுகுவர்த்தி விற்கும் அம்மா சொன்னார். கடைசியில் என் மனைவி செலினும் சொன்னாள். முதல் மூன்று பேர் சொன்னதைத் தாங்கிக்கொண்டேன். நாலாவதில்தான் நெஞ்செரிச்சல் வந்தது.

ஏனென்றால் கிம்புலா வருவதற்கு முன்னால் அந்தப் பெயர் எனக்கு இருந்தது. நான் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தவன். நாலு கராம்பு மரமும் கொஞ்சம் மிளகுக் கொடியும்தான் சீவனம். ஆனாலும் ஞாயிறு பூசையில் முதல் வாசகம் வாசிப்பவன் நான். தோட்டத்து லயத்துச் சனங்களுக்கு அடையாள அட்டைப் படிவம் நிரப்பிக் கொடுப்பவன் நான். பழைய பத்திரிகையில் கருவாடு சுற்றி வந்தால், கருவாட்டைச் செலினிடம் கொடுத்துவிட்டுப் பத்திரிகையை நான் எடுத்துக்கொள்வேன். "அந்தோனி அண்ணன்கிட்ட கேளு" என்று யாராவது சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

கிம்புலா ஒரு பாண்காரர். ஸ்பீக்கரில் ஒரே மெட்டைப் போட்டுக்கொண்டு, பின்னால் கண்ணாடிப் பெட்டி பூட்டிய முச்சக்கரவண்டியில் வீடு வீடாகப் பேக்கரிப் பாண் விற்பவர். முதலை மாதிரி நீண்டு, மேலே சீனி தூவியிருக்கும் கிம்புலா பணிஸை எங்கள் பக்கத்துக்குப் பழக்கியது அவர்தான். அந்தப் பெயரே அவருக்கு ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயரை அவருடைய மனைவிகூட யோசித்துத்தான் சொல்வார் என்று கேள்வி.

பாண் ஓடர் எடுப்பதற்கு அவர் ஒரு வட்ஸ்அப் குரூப் வைத்திருந்தார். ஒரு மழை நாள், ரோட்டில் மண் சரிந்து வண்டி நடுவழியில் மாட்டிக்கொண்டது. அன்றைக்கு குரூப்பில் ஒரு வொய்ஸ் மெசேஜ் வந்தது.

"வணக்கமுங்க, கிம்புலா பேசுறேன். முன்னுக்கும் போகேலாம பின்னுக்கும் போகேலாம நிக்கிறேன். சும்மா நிக்காம ஒரு கேள்வி. வானவில்லுல எத்தனை நெறம்? மொதல்ல சரியா சொல்றவங்களுக்கு ஒரு பணிஸ் சும்மா!"

அன்றைக்குப் பிடித்த வியாதிதான். ஒரு மாதத்தில் அது ஒவ்வொரு வெள்ளியும் பின்னேரம் நாலு மணிக்கு நடக்கும் பெரிய போட்டியாகிவிட்டது. சட்டதிட்டம் வேறு. எழுதி அனுப்பினால் செல்லாது, வாயால்தான் சொல்ல வேண்டும். பெயரையும் ஊரையும் முதலில் சொல்ல வேண்டும். வென்றவருக்குப் பெயர் எழுதிய கேக். அதோடு, வண்டியில் முன்னால் உட்கார்ந்து அடுத்த வளைவு வரைக்கும் ஊர்வலம். அந்த ஊர்வலத்தில் போய் இறங்கிய டெய்லர், நடந்து வீடு திரும்புவதற்குள் ஒன்பது பேரிடம் கதையைச் சொல்லிவிட்டார்.

பாண் குரூப்பிலேயே போட்டியும் நடந்ததால் குழப்பத்துக்கும் குறைவில்லை. இயேசுவின் சீடர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு டெய்லர் "பன்னிரண்டு" என்று அனுப்ப, மறுநாள் காலையில் அவர் வீட்டு வாசலில் பன்னிரண்டு பணிஸ் இறங்கியது. கராஜ்காரர் மூன்று ரோஸ் பாண் கேட்பதற்காக "மூணு" என்று அனுப்ப, ஒக்டோபஸுக்கு எத்தனை இதயம் என்ற கேள்விக்கு அவர்தான் வெற்றியாளர் என்று அறிவிப்பு வந்தது. ஒக்டோபஸ் என்று ஒரு சீவன் இருப்பதே அவருக்குக் கேக்கை வெட்டும்போதுதான் தெரியும்.

ஒரு தடவை கொண்டை ஊசி வளைவில் வண்டியை நிறுத்தி, பின்னால் பஸ் ஹோன் அடிக்க அடிக்க, ஸ்பீக்கரில் விடையை அறிவித்தார் கிம்புலா. பஸ்ஸில் இருந்தவர்கள் திட்டுவார்கள் என்று ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். கை தட்டினார்கள்.

என் வீட்டிலேயே நிலைமை மோசம். நாலு மணிக்குச் செலின் போனைத் திரு இருதயப் படத்துக்குக் கீழே சாய்த்து வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். 

"செலின், தேத்தண்ணி?"

"கொஞ்சம் இருங்க, கேள்வி வரப் போகுது."

"கேள்விக்குப் பதில் நான் சொல்றேன், தேத்தண்ணியப் போடு."

"நீங்க சொன்னா கேக் யாரு குடுப்பா?"

இப்படிக் கேட்டால் மனுசன் என்னதான் செய்வான்? ஆண்டவர் மன்னிக்கட்டும், நானும் திருட்டுத்தனமாக இறங்கினேன். புது சிம் ஒன்று வாங்கி, குரலைக் கீச்சென்று மாற்றி, எங்கள் மலையின் பெயரைச் சேர்த்து 'ரிவர்ஸ்டன் ராணி' என்ற பெயரில் விடை அனுப்பினேன். ராணி ஒரு கேள்விக்குக்கூடப் பிழைவிடவில்லை. கேட்டதெல்லாம் எனக்குத் தெரிந்ததாகவே இருந்தது. அதில் எனக்கு ஆச்சரியமும் வரவில்லை, என் அறிவு அவ்வளவு விசாலம் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் குரலை மாற்றி முடிப்பதற்குள் யாராவது முந்திவிடுவார்கள். ஒருநாள் கிம்புலா குரூப்பில் சொன்னார்: "ராணி அக்காவுக்குத் தொண்டை சரியில்ல போல. ஒரு இஞ்சி டொபி அனுப்புறேன், எந்த வளைவுன்னு சொல்லுங்க."

செலின் போனைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "என்னாங்க, அந்த ராணிக்கும் உங்க மாதிரியே இருமல்." 

அன்றோடு ராணி ஊரைவிட்டே போய்விட்டாள்.

தவக்காலம் வந்தது. பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்காலில் நின்று, பாண்காரர் ஒருவர்மீது பொறாமை என்று ஃபாதரிடம் ஒப்புக்கொண்டேன். ராணியையும் மறைக்கவில்லை.

"ராணியா எத்தனை கேள்விக்குச் சரியா சொன்னீங்க?" என்று கேட்டார் ஃபாதர்.

"அதுவும் பாவத்துல சேருமா ஃபாதர்?"

"சேராது. சும்மா கேட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "மூணு அருள்நிறை மந்திரம் சொல்லுங்க. பாஸ்காவுக்குப் பொறகு பெரிய போட்டி வருதாம். அதுல உங்க சொந்தப் பேர்ல சேருங்க. தோத்தாலும் சிரிச்சிக்கிட்டே இருங்க. அதுதான் அபராதம்."

அருள்நிறை மந்திரத்தைக் கோயிலைவிட்டு வெளியே வருவதற்குள் முடித்துவிட்டேன். மற்றதுதான் கடினம்.

பெரிய போட்டிக்குப் பரிசு, நிற்கும் ஃபேன். ரிவர்ஸ்டன் காற்று அடித்தால் கொடியில் காயும் சட்டை பக்கத்து ஊருக்குப் போகும் இடம் எங்களுடையது. இங்கே ஃபேன் பரிசு கொடுக்க கிம்புலா ஒருவரால்தான் முடியும். வியாழக்கிழமை கேள்வி வந்தது. ஒரு நாள் அவகாசம். சரியாகச் சொன்னவர்களுக்குள் குலுக்கல்.

"பசு மாட்டுக்கு மேல் வரிசையில முன் பல்லு எத்தனை?"

ஊரே மாட்டைத் தேடி ஓடியது. எங்கள் பக்கத்தில் மாடு வைத்திருப்பவர் நவாஸ் நானா ஒருவர்தான். நான் போனபோது தொழுவத்துக்கு வெளியே வரிசை நின்றது. கடையில் பால் வாங்கும் ஆட்கள்கூட அன்று அங்கே நின்றார்கள்.

"வாங்க அந்தோனி அண்ணே, நீங்க பதினேழாவது ஆள்," என்றார் நவாஸ் நானா. "காலையில இருந்து எங்கட மாடு வாய மூடல்ல. இப்ப ஆளக் கண்டாலே தானாத் தொறக்குது, பாருங்க."

உண்மைதான். என்னைக் கண்டதும் அந்தப் பசு, பல் டாக்டரைக் கண்டதுபோல வாயைத் திறந்தது. விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். மேலே முன் பல் ஒன்றுகூட இல்லை. வெறும் ஈறு, செருப்புத் தோல் மாதிரி. வெளியே வந்து, நிமிர்ந்து நின்று, சொந்தக் குரலில் பதிவு செய்தேன்: "அந்தோனி, இரத்தோட்டை ரோட். ஒண்ணும் இல்லை."

வெள்ளி நாலு மணி. கிம்புலாவின் குரல் வந்தது. 

"சரியான விடை... எட்டு!"

குரூப் தீப்பிடித்தது. நவாஸ் நானா மாட்டின் வாயை மூன்று கோணத்தில் படமெடுத்துப் போட்டார். "மாடு பொய் சொல்லுமா கிம்புலா?" என்று கேட்டார்.

"மாட்டப் பத்தி எனக்குத் தெரியாதுங்க நானா," என்றார் கிம்புலா. "எனக்குச் சொன்னவரப் பத்தித் தெரியும். அவரு பிழையா சொல்ல மாட்டாரு."

"யாரு அவரு? பேரச் சொல்லு!"

"பேரச் சொல்ல ஏலாது."

கள்ளப் போட்டி என்றார்கள். ஃபேனைச் சொந்தக்காரருக்குக் கொடுக்கிற திட்டம் என்றார்கள். ஒவ்வொருவராகக் குரூப்பைவிட்டு விலகினார்கள். இனி அவனிடம் பாண் வாங்குவதில்லை என்று டெய்லர் சொன்னார், பத்துப் பேர் ஆமாம் போட்டார்கள். நான் என்ன செய்தேன்? ஒவ்வொரு பெயரும் விலகுவதை எண்ணிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை துக்க தேவ இரகசியங்களைச் சொல்ல வேண்டிய நாள். அன்று மாலை செபமாலையில் என் வாயில் சந்தோஷ தேவ இரகசியங்கள் வந்தன. செலின்தான் திருத்தினாள். பிறகு போனைத் திரு இருதயப் படத்துக்குக் கீழே குப்புற வைத்தாள்.

மறுநாள் காலை அந்த மெட்டு எங்கள் கேட்டடியில் வந்து நின்றது. கண்ணாடிப் பெட்டி நிறையப் பாண், ஒன்றுகூடக் குறையவில்லை. கூரையில் கயிற்றால் கட்டிய ஃபேன்.

"செலின் அக்கா, நீங்கதான் வெற்றி. ஊர் முழுக்க எட்டுன்னு சொன்ன ஒரே ஆளு நீங்கதான்," என்றார் கிம்புலா. சிரித்தார், ஆனால் முகத்தில் சிரிப்பு நிற்கவில்லை.

நான் செலினைப் பார்த்தேன். "நீயா? மாட்டப் பாத்தியா?"

"மாட்ட எதுக்குங்க பாக்கணும்? நீங்கதானே சொன்னீங்க."

"நானா? எப்ப?"

கிம்புலா சீட்டுக்குக் கீழே இருந்து ஒரு கொப்பியை எடுத்தார். எண்ணெய்க் கறையும் சீனியுமாக ஒட்டிக் கிடந்தது. "ஞாபகம் இல்லியா அண்ணே? நவாஸ் நானா மாடு ரோட்டுல குறுக்க நின்னுச்சு. நான் ஹோன் அடிச்சேன். நீங்க பாணக் கையில வச்சிக்கிட்டு, 'தம்பி, மாட்டுக்கு முன் பல்லு கீழ எட்டு, மேல எட்டு, கடிச்சாத் தெரியும்'னு சொன்னீங்க. அக்காவும் நின்னாங்க."

கொப்பியைப் புரட்டினேன். வானவில். ஒக்டோபஸ். சீடர்கள். எல்லாவற்றுக்கும் பக்கத்தில் 'அ.அ.' என்று எழுதியிருந்தது. அந்தோனி அண்ணே. காலை காலையாகக் கேட்டடியில் நின்று நான் அளந்து கொட்டியதை எல்லாம், அந்த மனுசன் அடுத்த வளைவில் வண்டியை நிறுத்தி எழுதி வைத்திருக்கிறார். இத்தனை நாளும் நான் என்னைப் பார்த்தேதான் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

"அப்ப ஏன்டாப்பா என் பேரச் சொல்லல்ல?"

"நீங்க கோயில்ல வாசகம் வாசிக்கிறவரு. மாட்டுப் பல்லுக்காக உங்க பேரு கெடணுமா?" கூரைக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். "எனக்கென்ன, ஒரு கிழமை கோவமா இருப்பாங்க. பொறகு பசிக்கும்ல."

செலின் கொப்பியை வாங்கி, 'அ.அ.'வில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அதுதான் என்னைத் தள்ளியது. 

"ஃபேன எறக்காத," என்றேன். "அந்த மைக்கக் கொண்டா."

பாண் பெட்டிக்கும் சீட்டுக்கும் நடுவில் என்னைச் செருகிக்கொண்டு வண்டி புறப்பட்டது. ஒவ்வொரு வளைவிலும் நிறுத்தச் சொன்னேன். "அந்தோனி பேசுறேன். மாட்டுக்கு மேல முன் பல்லு இல்ல. எட்டுன்னு பிழையா சொல்லிக் குடுத்தது நான். கிம்புலாவில ஒரு பிழையும் இல்ல. இன்னொண்ணு, ரிவர்ஸ்டன் ராணியும் நான்தான்." லயத்து வாசல்களில் சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சிரித்துக்கொண்டே பாணும் வாங்கியது. எத்தனை இடத்தில் நின்றோம் என்று பிறகு எண்ணிப் பார்த்தேன். பதினான்கு. சிலுவைப்பாதைக்கும் அவ்வளவுதான்.

கடைசியாக நின்றது கோயிலடியில். ஃபாதர் சன்னலைத் திறந்தார். "அந்தோனி, கவலைப்படாதீங்க. நானும் பிழையாத்தான் சொன்னேன். பன்னிரண்டுன்னு அனுப்பினேன்."

கிம்புலா தலையில் கை வைத்தார். "ஐயோ ஃபாதர், அது ஓடர்னுல்ல நெனச்சேன்! பன்னிரண்டு பணிஸ் பின்னால வச்சிருக்கேன்."

பல் இல்லை என்று சொன்னவர்களுக்குள் குலுக்கல் நடந்தது. செலின்தான் சீட்டு எடுத்தாள். ஃபேன் நவாஸ் நானாவுக்கு விழுந்தது. இன்றைக்கும் அது தொழுவத்தில்தான் சுற்றுகிறது. அந்தப் பசு அதற்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு, வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது.

போன வருடம் கிம்புலா மனைவியின் ஊரான நாவுலவுக்குப் போய்விட்டார். இப்போது வருகிற பாண்காரர் நல்ல பிள்ளை. பாணைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். நான் கேட்டடியில் சொல்ல ஒரு விஷயத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பேன். பிறகு உள்ளே வந்து போனை எடுத்து கிம்புலாவுக்கு அனுப்புவேன். இப்போதெல்லாம் இரண்டு பேரிடம் கேட்டு, ஒரு புத்தகத்திலும் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன். கிம்புலா எதையும் சரிபார்ப்பதில்லை. "நீங்க சொன்னாச் சரி அண்ணே" என்று பதில் வரும். அதற்குப் பின்னால் அந்த மெட்டும், நாவுலச் சனம் சிரிக்கிற சத்தமும் கேட்கும்.

அந்தச் சத்தத்தைக் கேட்டால் நாவுலக்காரர்கள்மீது எனக்குப் பொறாமை வருகிறது. இதை மட்டும் நான் இன்னும் ஃபாதரிடம் சொல்லவில்லை.