மனித மாண்பும் ஒரு கழிப்பறைத் திறப்பு விழாவும்

மக்களுக்குத் தங்கள் அடிப்படை உரிமைகள் தெரியவில்லை என்று எங்கள் நகராட்சி ஒரு நாள் கண்டுபிடித்தது. கண்டுபிடித்த பிறகு சும்மா இருக்க முடியுமா? சமூகக் கூடத்தில் ஒரு விழிப்புணர்வு விழாவுக்கு ஏற்பாடு செய்தது. வருவதும் வராததும் அவரவர் சுதந்திரம் என்று அறிவிப்பில் தெளிவாகப் போட்டிருந்தார்கள். விழா முடியும்வரை இருக்காதவர்களின் கடை உரிமம் புதுப்பிக்கப்படாது என்பதும் அடுத்த வரியிலேயே தெளிவாக இருந்தது.

என் சித்திக்குத் தையல் கடை. ஆகவே அவள் சுதந்திரமாக வந்தாள். நான் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிப்பவள் என்பதால் என்னையும் துணைக்கு இழுத்து வந்தாள்.

வாசலில் ஆளுக்கொரு பெரிய தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். 'உங்கள் உரிமை உங்கள் கையில்' என்று அதில் அச்சடித்திருந்தது. மின்விசிறிகள் மேடைப் பக்கம் மட்டுமே சுற்றின. சிறப்பு விருந்தினர் வருகிற வழியைக் காணோம். புழுக்கத்தில் கூட்டம் முழுவதும் தன் உரிமையைக் கடைசிச் சொட்டுவரை குடித்துத் தீர்த்தது.

கொஞ்ச நேரத்தில் சித்தி என் பக்கம் சாய்ந்தாள். "ஏண்டி, இங்க பாத்ரூம் எங்க இருக்கு?"

இருந்தது. மேடைக்குப் பக்கத்திலேயே, புதுப் பெயிண்ட் வாசனையோடு இருந்தது. கதவுக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன். போதாததற்கு ஒரு பூட்டு. பூட்டுக்கு முன்னால் விழிப்புணர்வு அலுவலர், சட்டையில் தோசைக்கல் அளவு பேட்ஜோடு.

"சார், இதைக் கொஞ்சம் திறந்து விடுங்க," என்றேன்.

"திறந்து வைக்காததை எப்படிம்மா திறக்கிறது? சிறப்பு விருந்தினர் முதல்ல மனித மாண்பு பத்திப் பேசுவாரு. அப்புறம் ரிப்பன் வெட்டுவாரு. அதுக்கப்புறம்தான் இது மக்களுக்கு அர்ப்பணிப்பு. இப்போதைக்கு இது கழிப்பறையே கிடையாது. கட்டடத்தில் ஒரு பகுதி."

"எங்க சித்தியால முடியல சார். இது அடிப்படை உரிமை."

"அதையேதான் நாங்களும் சொல்லப் போறோம். மத்தியான அமர்வுல."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் உங்களுக்கு விழிப்புணர்வு வரலன்னு அர்த்தம். விழிப்புணர்வு இல்லாம உரிமையைப் பயன்படுத்துறது ஆபத்தும்மா."

"சரி, வெளிய எங்கயாவது போய்ட்டு வர்றோம்."

"தாராளமாப் போகலாம். நடமாடும் உரிமை இருக்கே. திரும்ப உள்ள வரத்தான் அனுமதி இல்ல." சித்தியின் முகத்தைப் பார்த்து அவருக்கே மனம் இளகியது. "ரொம்ப அவசரம்னா ஒரு மனு எழுதிக் கொடுங்க. ரெண்டு பிரதி."

நான் விடவில்லை. கழிப்பறை என்பது ரிப்பனால் கழிப்பறை ஆகிறதா, பயன்பாட்டால் ஆகிறதா என்று ஆரம்பித்தேன். அவரும் சளைக்கவில்லை. அதற்குள் எங்கள் பின்னால் பேக்கரிக்காரர், முடிதிருத்துபவர், சைக்கிள் கடை அண்ணன் என்று ஒரு வரிசையே நெளிந்துகொண்டிருந்தது.

"நீ பேசி ஜெயிச்சிட்டு நிதானமா வாடி," என்றாள் சித்தி, பல்லைக் கடித்தபடி. "அதுக்குள்ள எனக்கு உயிர் போயிடும்."

அப்போதுதான் சிறப்பு விருந்தினரின் கார் வந்தது. நீண்ட பயணம். காரிலும் அதே பாட்டில் வைத்திருந்திருக்கிறார்கள். மனிதர் மாலையைக்கூட வாங்காமல் நேராக ரிப்பனை நோக்கி நடந்தார்.

அலுவலர் பணிவோடு குறுக்கே நின்றார். "ஐயா, முதல்ல உரை. அப்புறம்தான் திறப்பு."

"எவ்வளவு நேரம்?"

"முக்கால் மணி நேரம்னு போட்டிருக்கோம் ஐயா."

விருந்தினர் கண்ணை மூடித் திறந்தார். நின்ற இடத்திலேயே மைக்கை வாங்கினார். "மனிதனுக்கு மாண்பு உண்டு. நன்றி. கத்தரிக்கோல் எங்க?"

இவ்வளவு உள்ளத்திலிருந்து வந்த உரையை அந்தக் கூடம் அதுவரை கேட்டதில்லை. வரிசையில் சிலர் கண்கலங்கினார்கள்.

ரிப்பன் அறுந்தது, பூட்டு திறந்தது. அவர் போனார், வந்தார். அடுத்து சித்தி போனாள், வேறு பெண்ணாகத் திரும்பி வந்தாள். அதன்பின் ஒரே தள்ளுமுள்ளு. அலுவலரால் சமாளிக்க முடியவில்லை. "நியாயம் பேசுறவங்க நீங்கதான், நீங்களே பாத்துக்குங்க," என்று சாவியை என் கையில் திணித்து, பேட்ஜையும் கழற்றி எனக்குக் குத்திவிட்டார். எல்லோரும் கை தட்டினார்கள்.

நான் பொறுப்பேற்றதும் எல்லாம் சீரானது. ஒருவர் வெளியே வந்ததும் பூட்டினேன். அடுத்தவர் உண்மையிலேயே காலையிலிருந்து நிற்பவர்தானா என்று விசாரித்துத் திறந்தேன். நடுவில் புகுந்தவர்களுக்குச் சமத்துவத்தை விளக்கி வரிசையின் கடைசிக்கு அனுப்பினேன்.

விழா முடிகிற நேரத்தில் அலுவலரே வந்தார். காலோடு கால் பின்னி நின்றார். கையில் காலி பாட்டில்.

"கொஞ்சம் திறம்மா."

"நீங்க வரிசையிலயே இல்லையே சார்."

"பாவம்டி, அவரும் மனுஷன்தானே, விடு," என்றாள் சித்தி.

"உரிமைன்னா ஒரு ஒழுங்கு வேணாமா சித்தி?"

வரிசை மொத்தமும் ஆமோதித்தது. அலுவலர் மெல்லக் கேட்டார். "ஒரு மனு எழுதிக் கொடுக்கட்டுமா?"

"கொடுங்க," என்றேன். "ரெண்டு பிரதி."