அம்மாவுக்கும் தீவுக்கும் நடுவே அரை மணி நேரம்

ஸ்கார்வோய் தீவு,
திங்கட்கிழமை, பள்ளி விட்டு வந்ததும்.

மாண்புமிகு அம்மா அவர்களின் சமூகத்துக்கு (மீன் நோய் ஆய்வுக்கூடம், செத்ததை எண்ணும் பிரிவு), தங்கள் ஒரே மகள் ஈடுன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் அப்பாவும், பண்ணைத் தொட்டிகளில் இருக்கும் நூற்றிருபது சால்மன் குடும்பங்களும் நலம். அங்கு தாங்களும், தங்கள் பொறுப்பில் நோயுற்றுச் செத்துக்கொண்டிருக்கும் அனைவரும் நலமாக இருக்கிறீர்களா என்று அறிய ஆவல். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே நின்று மூச்சு விடுகிறார். அவர் மூச்சு விடும் இடத்தில் அவரைப் பற்றிப் புகார் சொல்ல முடியவில்லை. சரி, 'தாங்கள்' எல்லாம் இத்தோடு போதும், கை வலிக்கிறது. இனி நீதான்.

அம்மா, வருகிற சனிக்கிழமை எனக்குப் பதினைந்து வயது. நீ வருவாயா என்று நான் கேட்கவில்லை. கணக்கு எனக்கே தெரியும். வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு அன்றைய பிணங்களை எண்ணி முடித்து, சனி ஞாயிறு எண்ணிக்கையை இன்னொருவரிடம் விட்டு வெளியே வருவாய். நோய் மீன் இருக்கும் கட்டடத்திலிருந்து வந்தவர்கள் நாற்பத்தெட்டு மணி நேரம் இந்தத் தீவில் கால் வைக்கக்கூடாது. அப்படியானால் ஞாயிறு மாலை நாலு மணி. அக்கரையிலிருந்து கடைசி ஃபெர்ரி இங்கே வந்து சேர்வது ஞாயிறு மூன்றரைக்கு. ஆக, பத்து வாரமாக உனக்கும் வீட்டுக்கும் நடுவே இருப்பது கடல் இல்லை, அரை மணி நேரம். வெள்ளிக்கிழமை மட்டும் மூன்றரைக்கு எண்ணக்கூடாதா என்று கேட்டதற்கு நீ, "தினமும் ஒரே நேரத்துல எண்ணினாத்தான் அது கணக்கு, இல்லன்னா வெறும் செத்த மீன்" என்றாய். நியாயம்தான். நானும் அதையே அப்பாவிடம் திருப்பிப் போட்டுப் பார்த்தேன்.

"அரை மணி நேரம்தானேப்பா!"

"வைரஸ் கடிகாரம் பாக்காது, ஈடுன்."

"அப்ப நீ மட்டும் எதுக்குப் பாக்கற?"

அப்பா எழுந்து போய் பூட்ஸ் கழுவ ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமை எல்லோருடைய வெள்ளை பூட்ஸையும் கழுவுவது வழக்கம், அது உனக்குத் தெரியும். உன்னுடையதையும் கழுவுகிறார் என்பது உனக்குத் தெரியாது. ஜனவரியிலிருந்து அதை யாரும் போடவில்லை. போடாத பூட்ஸைக் கழுவ எந்த விதியும் இல்லை, அது அவருக்கும் தெரியும். மீனுக்கு ஒரே ஒரு நல்ல மரபணு வந்து சேர நீங்கள் எல்லோரும் தலைமுறை தலைமுறையாகத் தவம் கிடக்கிறீர்கள். எனக்குப் பார், பிடிவாத மரபணு அம்மா பக்கம் ஒன்று, அப்பா பக்கம் ஒன்று, தேடாமலே இரண்டு பிரதி.

அடுத்து, போதகர் லைடுல்ஃப் விஷயம். ஊர் வழியாக உன் காதுக்கு வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். தொட்டிக்கு ஒரு குடும்பம், குடும்பத்துக்கு ஒரு எண். சனிக்கிழமைகளில் மரபணுச் சோதனைக்காக மீனின் துடுப்பில் சிறு துண்டு வெட்டிச் சீசாவில் போடும்போது அந்த எண்களைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துப்போனது. அதனால் ஜனவரியில், நீ போன வாரம், ஒவ்வொரு தொட்டியிலும் ஊர்க்காரர்கள் பெயரை எழுதி ஒட்டினேன். முப்பத்தொன்று போதகர் வீடு, நாற்பது கடைக்காரி குன்வோர் வீடு, இப்படி. அப்பா திட்டுவார் என்றுதான் ஒட்டினேன். அவரோ, "எண்ணை விட இது ஞாபகத்துல நிக்குது" என்று உன்னையும் அதற்கே பழக்கிவிட்டார். விளைவு, போன சனிக்கிழமை காலை நீ கூப்பிட்டபோது அவர் குன்வோர் கடையில் வரிசையில், கையில் பால் பெட்டியோடு நின்றார்.

"என்னது, போதகர் வீட்டுல மொத்தமுமா? ஒண்ணுகூட மிஞ்சலையா? நேத்து நல்லாத்தானே இருந்தாங்க! சரி சரி, அழுகறதுக்குள்ள ஐஸ்ல வெச்சுடு."

குன்வோர் கையிலிருந்து உருளைக்கிழங்குப் பை விழுந்தது. அப்பா அதைக் கவனிக்காமல் பாலுக்குப் பணம் கட்டிவிட்டு வந்துவிட்டார். மதியத்துக்குள் தீவில் நாலு வீட்டில் கொடி அரைக் கம்பத்துக்கு இறங்கியது. போதகர் காலையிலிருந்து படகில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர், கரையேறியதும் கொடிகளைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "யார் போயிட்டாங்க?" என்று கேட்டிருக்கிறார். "நீங்கதான், பாஸ்டர்" என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் வீட்டு வாசலில் மூன்று கேக், ஒரு பெரிய பாத்திரத்தில் சூப். அதில் ஒரு கேக்கைத் தூக்கிக்கொண்டு நேரே நம் வீட்டுக்கு வந்துவிட்டார். அப்பா பண்ணையில் இருந்தார். நான் மாட்டிக்கொண்டேன்.

"உக்காரு, ஈடுன். நாங்க எப்படிச் செத்தோம்?"

"கணையத்துல வைரஸ், பாஸ்டர். குடும்பத்துக்குப் பதினஞ்சு பேரை அனுப்பினோம். அம்மா அங்க தண்ணியில நோயைக் கலந்துவிடுவா. யார் சாகறா, யார் பொழைக்கறான்னு பாத்தா எந்தக் குடும்பத்துக்கு எதிர்ப்பு இருக்குன்னு தெரியும். உங்களுக்கு இல்ல."

"ஜெபம் பண்ணியும் இல்லியா?" என்று கேக்கை வெட்டினார். "உங்க வீட்டுத் தொட்டி எது?"

"அறுபத்தி நாலு. பதினஞ்சுல பதினாலு பொழச்சுது."

"அடிசக்கை! அப்ப அந்தப் பதினாலும் வந்து குஞ்சு பொரிக்கும்."

"வராது பாஸ்டர். பொழச்சாலும் உள்ள வைரஸ் ஒளிஞ்சிருக்கலாம்னு திரும்ப விடமாட்டாங்க. அதுங்க ஜெயிச்சதுக்கு, இங்க வீட்டுலயே இருந்த அதுங்களோட அண்ணன் தங்கச்சிகளுக்குத்தான் வேற குடும்பத்துல கல்யாணம். போனது போனதுதான்."

சிரிப்பதற்காகத்தான் சொல்ல ஆரம்பித்தேன், அம்மா. முடிக்கும்போது நான் சிரிக்கவில்லை. போதகர் கேக்கில் பெரிய துண்டாகப் பார்த்து என் பக்கம் தள்ளினார். இருவரும் அவருடைய சாவுக் கேக்கைச் சாப்பிட்டு முடித்தோம்.

அப்பா எப்படி இருக்கிறார் என்று போனில் ஒவ்வொரு முறையும் கேட்கிறாய். அவர் "நல்லா இருக்கேன்" என்கிறார். பொய். நீ அனுப்பிய படத் தபால் அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, இரண்டு நாள் வெளிச்சுவர் ஆணியில் தொங்கவிட்டார், கிருமி சாகட்டும் என்று. ஆனால் காலையில் ஒரு தடவை, சாப்பாட்டுக்கு வரும்போது ஒரு தடவை, விளக்கு வைத்த பிறகு டார்ச்சோடு ஒரு தடவை, பனியில் நின்று பிளாஸ்டிக் வழியாகவே படித்தார். உள்ளே கொண்டுவந்த அன்று அதைப் பிரிக்கவே இல்லை, மனப்பாடம் ஆகிவிட்டது. நீ எழுதியிருந்தது நாலே வரி, அதில் இரண்டு வரி தண்ணீர்க் குழாய் உறைந்துபோகாமல் பார்த்துக்கொள்வது பற்றி.

போன மாதம் நீ ஃபெர்ரியில் வந்தாயே, இறங்க முடியாமல் மேல்தட்டிலேயே நின்றாயே, அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித் தீவில் இன்னும் பேசுகிறார்கள். துறையில் அப்பா பத்து மீட்டர் அளந்து கோடு போட்டு, அதற்கு இந்தப் பக்கம் நின்றார். ஃபெர்ரி நிற்பது ஏழு நிமிடம். அந்த ஏழு நிமிடத்தில் நீங்கள் பேசியதை நான் எழுதி வைத்திருக்கிறேன்.

"சாப்பிட்டியா?" என்று அப்பா கத்தினார்.

"சாப்பிட்டேன்! ஃப்ரீசர்ல ஆட்டுக்கறி இருக்கே, எடுத்தியா?"

"எடுக்கல! நீ வந்ததும் எடுக்கலாம்னு!"

"மாக்னார், அது கறி, நினைவுச் சின்னம் இல்ல!"

மேலேயிருந்து கேப்டன் ஒலிபெருக்கியில், "மாக்னார், முத்தம் குடுக்கறதுன்னா சட்டுனு குடு, இல்லன்னா நான் கயித்த அவுக்கறேன்" என்றார். அப்பா, "இன்னும் நாப்பத்தெட்டு ஆகல!" என்று உண்மையிலேயே பதில் சொன்னார். பிறகு லெஃப்ஸே ரொட்டி வைத்த டப்பாவை உன்னிடம் தூக்கி எறிந்தார். நீ பிடித்தாய். நீ அழுதாய் என்று நான் சொல்கிறேன், காற்று என்று அப்பா சொல்கிறார். இங்கிருந்து அங்கே போன டப்பா திரும்பி வரக்கூடாதாமே, அதனால் வீட்டிலிருந்த எல்லா டப்பாவும் உன்னிடம் சேர்ந்துவிட்டது. நான் மதியச் சாப்பாட்டை ஐஸ்கிரீம் பெட்டியில் கொண்டுபோகிறேன். வகுப்பில் என்னைப் பணக்காரி என்று நினைக்கிறார்கள்.

இன்று அறிவியல் ஆசிரியை காட் மீனைப் பற்றிச் சொன்னார். மற்ற மீன்களெல்லாம் நோயை எதிர்க்க வைத்திருக்கிற மரபணுக்களில், இது இல்லாமல் உயிர் வாழவே முடியாது என்று எல்லோரும் நினைத்த ஒரு பெரிய பகுதியைக் காட் மீன் எப்போதோ தொலைத்துவிட்டதாம். ஆனாலும் நீந்துகிறது, முட்டை இடுகிறது, வேறு எதையாவது வைத்துச் சமாளித்துக்கொள்கிறது. வகுப்பில் எல்லோருக்கும் ஆச்சரியம். எனக்கு இல்லை. சமையலறையில் தினமும் ஒரு காட் மீன் சட்டை போட்டுக்கொண்டு முட்டை பொரிப்பதைப் பார்க்கிறேனே.

ஆகவே அம்மா, முடிவாகச் சொல்வது இதுதான். நீ வரவேண்டாம். கணக்கைக் கெடுக்கவேண்டாம், யாரிடமும் கெஞ்சவேண்டாம். அந்த மீன்கள் சும்மா சாகக்கூடாது. பதினைந்து வயது எல்லோருக்கும்தான் வருகிறது. கேக்கை அப்பா பண்ணுவார், நாங்கள் இரண்டு பேரும் அதிலிருந்தும் உயிர் பிழைப்போம். கோடை வந்ததும் உன் வேலை முடிந்துவிடும், அதுவரை எனக்கு ஒன்றும் ஆகாது. நான் மிகவும் பக்குவமாக இருக்கிறேன்.

அங்குள்ள உயிருள்ளோர்க்கு எங்கள் வணக்கமும், மற்றவர்க்கு எங்கள் அஞ்சலியும் சேர்ப்பிக்கவும். உனக்கு இரண்டு பேருடைய முத்தங்கள், ஒன்று அப்பாவுடையது, அவருக்குத் தெரியாமல் அனுப்புகிறேன்.

இங்ஙனம்,
தீவிலேயே தங்கிவிட்ட தங்கள் மகள்
ஈடுன்

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. உறையை ஒட்டும் முன், பண்ணைக் கதவில் இருக்கும் விதித்தாளில் 48-ஐ 47 ஆக்கிவிடலாம் என்று வெள்ளை மையும் பேனாவும் எடுத்துக்கொண்டு போனேன். திருத்த வேண்டுமென்றால் முதலில் படிக்க வேண்டும், இல்லையா? 'நோய்க் கட்டடத்திலிருந்து வருபவர் இங்கு நுழையக்கூடாது' என்று இருக்கிறது. இங்கிருந்து அங்கே போகக்கூடாது என்று ஒரு வரி, ஒரு எழுத்து கிடையாது. பத்து வாரம், அம்மா! இந்தத் தாளைத் தூக்கத்தில் சொல்லும் மூன்று பேர் இருக்கிற வீடு! தாளைக் கதவிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்து அப்பாவிடம் காட்டினேன். நாலு தடவை படித்தார். பிறகு தலைமை அலுவலகத்தைக் கூப்பிட்டு, வெள்ளி முதல் செவ்வாய் வரை பண்ணைக்கு ஆள் அனுப்பச் சொன்னார். ஒன்பது வருஷத்தில் அவர் கேட்ட முதல் லீவு, உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்களாம். ஆக, வெள்ளிக்கிழமை மாலை ஃபெர்ரியில் இரண்டு பேரும் வருகிறோம். உன்னைப் பார்த்துவிட்டால் எங்களுக்கும் நாற்பத்தெட்டு மணி நேரம் என்பதால் ஞாயிறு திரும்ப முடியாது. பள்ளிக்குக் காரணம் எழுதிவிட்டேன்: தொற்றுநோய்த் தடுப்பு. திங்கட்கிழமை நீ வேலைக்குப் போய்விட்டு அறைக்கு வந்தால் எங்கள் நாற்பத்தெட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும் என்பது அப்பாவுக்கு இன்னும் தோன்றவில்லை. நான் சொல்லப்போவதில்லை, நீயும் சொல்லாதே. அவர் இப்போது குளியலறையில் பாடிக்கொண்டே சவரம் செய்துகொண்டிருக்கிறார். இன்று திங்கள்தான், அம்மா.