மந்தைவெளியின் மின்சிக்கனச் செம்மல்

மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்கென்றே பிறவியெடுத்தவர்கள் இந்த உலகத்தில் சிலர் உண்டு. அவர்களுக்குள் தலைசிறந்தவர் ஜவஹர்தான் என்பதில் மந்தைவெளி ஸ்டேஷனுக்குப் பின்னாலுள்ள அந்த மூன்று மாடிக் குடியிருப்பில், அவரைத் தவிர வேறு யாரிடமும் அபிப்பிராயம் கேட்கப்படவில்லை.

ஜவஹருக்கு தி.நகரில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் மேனேஜர் உத்தியோகம். வீட்டில் ஒரு கம்ப்யூட்டர். அதன் பிராசஸரை அவர் 'ஓவர்கிளாக்' செய்திருந்தார். அதாவது, இவ்வளவுதான் ஓடும் என்று கம்பெனிக்காரன் சொன்ன வேகத்தை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. சூடு தாங்குவதற்கு ரிச்சி ஸ்ட்ரீட்டில் நாலைந்து விசிறிகள் வாங்கி மாட்டினார். அந்த அசுர வேகத்தில் அவர் செய்துவந்த வேலை, குடியிருப்போர் சங்கத்தின் கூட்டக் குறிப்புகளை டைப் அடிப்பது.

கரண்ட் பில்லைப் பார்த்த மனைவி ஜெயபாரதி, இது வீடா வெல்டிங் பட்டறையா என்று கேட்டாள். ஜவஹர் கோபப்படவில்லை. கம்ப்யூட்டரின் உள் அமைப்புகளுக்குள் புகுந்து 'பவர் சேவிங்' வசதிகளை முடுக்கிவிட்டார். வேகத்தைக் கூட்டுகிறவர்கள் பெரும்பாலும் அவற்றை அணைத்துவிடுவார்கள். இவர் இரண்டையும் ஒரே பெட்டிக்குள் குடிவைத்தார். வேலை வந்தால் பிராசஸர் பாயும். வராவிட்டால் வேகத்தையும் வோல்டேஜையும் இறக்கிக்கொண்டு தூங்கும். வேலை எதுவும் வராததால் திட்டம் மகத்தான வெற்றி பெற்றது. சும்மா இருப்பதற்கு அது முன்பு தின்ற கரண்டில் இப்போது பாதிதான் தின்றது.

இந்தச் சாதனையை அவர் சங்கக் கூட்டத்தில் வரைபடம் போட்டு விளக்கினார். தலைவர் பீர் முஹம்மதுவுக்கு வரைபடம் விளங்கவில்லை. ஆனால் கோடு இறங்கிக்கொண்டே போனது பிடித்திருந்தது. ஏகமனதாக, அதாவது மற்றவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, ஜவஹர் 'மின்சிக்கன ஆலோசகர்' ஆனார்.

மாடிப்படி விளக்குகள் யாரும் நடக்காத நேரத்திலும் எரிகின்றன, கழற்றிவிடலாம் என்பது அவருடைய முதல் ஆலோசனை.

"ஆள் ஏறும்போது இன்னா பண்றது சார்?" என்றார் பீர் முஹம்மது.

"ஏறுற நேரம் கம்மி பாய். ஏறாத நேரம்தான் ஜாஸ்தி. சராசரியைப் பாருங்க."

சராசரியை எதிர்த்துப் பேச அங்கே யாருக்கும் தைரியமில்லை. பல்புகள் இறங்கின.

நவம்பர் மழையில் ஒரு சாயங்காலம் ஜெயபாரதி காய்கறிப் பையோடு படியேறினாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஈரம் இருந்தது அவள் காலுக்குத் தெரிந்தபோது, கத்திரிக்காய்கள் கீழ்த்தளத்தை அடைந்திருந்தன. சத்தம் கேட்டு பீர் முஹம்மது டார்ச்சோடு ஓடிவந்தார். ஜவஹரும் வந்தார். ஆட்டோவில் ஆஸ்பத்திரி போகிறவரை அவள் காலை மடியில் வைத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக எந்தப் புள்ளிவிவரமும் சொல்லாமல் இருந்தார். கணுக்காலில் எலும்பு முறிந்திருந்தது.

மாவுக்கட்டோடு அவள் வீடு வந்ததும், சாத்துக்குடியோடு பார்க்க வந்த பீர் முஹம்மது, பல்புகளைத் திரும்ப மாட்டிவிடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அதற்குள் ஜவஹர் தேறியிருந்தார். இத்தனை நாள் சேமிப்பு பாழாகிவிடும் என்றார்.

கட்டிலில் இருந்த ஜெயபாரதி கேட்டாள்: "ஏங்க, படியில இருந்த பல்பு எத்தனை வாட்டு?"

"ஒண்ணு ஒன்பது. நாலும் சேர்ந்தா முப்பத்தாறு."

"உங்க கம்ப்யூட்டர் தூங்கும்போது?"

"வெறும் நாற்பது," என்றார் ஜவஹர். அவர் குரலில் பெற்றவனின் பெருமை இருந்தது.

பீர் முஹம்மது சாத்துக்குடிப் பையைத் தரையில் வைத்தார். "அப்ப அத்த ஆஃப் பண்ணிட்டு, படில லைட்டு போட்டுக்கலாமே சார்?"

ஜவஹர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். விஷயம் தெரியாதவரிடம் கோபப்படக் கூடாது என்று பொறுமையாகவே சொன்னார்:

"ஆஃப் பண்ணிட்டா, அது எப்படி பாய் கரண்டை மிச்சம் பிடிக்கும்?"