ஏழாம் நம்பரும் என் மனைவியின் கிரைண்டரும்

நல்லபடியாக இருக்கிற மனிதனைப் பத்தே நிமிடத்தில் தலைமயிரைப் பிய்த்துக்கொள்ள வைப்பதில் அவரை மிஞ்ச இந்த மலையில் ஆள் கிடையாது. எங்கள் எஸ்டேட்டில் அவருக்கு ஏழாம் நம்பர் என்று பெயர். சொந்தப் பெயர் கழுத்தில் தொங்கிய அட்டையில் இருந்தது. யாரும் படிக்கவில்லை.

சாந்தன்பாறைப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் நான் கிளார்க். யானை வந்தால் எல்லோர் செல்போனுக்கும் எச்சரிக்கை அனுப்பும் கருவியை வைக்க, ஒரு கம்பெனி அவரைப் பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து அனுப்பியது. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் முனையில் என் மனைவி நடத்தும் டிபன் கடை பெஞ்சில் லேப்டாப்போடு குடியேறினார். வேலை முடிந்ததும் 'திருப்தி' என்று கையெழுத்துப் போட வேண்டியவன் நான். அதனால் தாமதத்துக்கு மானேஜர் தினமும் என்னைத்தான் திட்டினார்.

மண்ணில் புதைத்த பெட்டி அதிர்வை ஒரு கோடாக வரையும். ஃபூரியர் மாற்றம் என்ற கணக்கு அந்தக் கோட்டைப் பிரித்து, அதில் மெதுவான ஆட்டம் எவ்வளவு, வேகமான ஆட்டம் எவ்வளவு என்று வரிசையாகப் பன்னிரண்டு எண்கள் கொடுக்கும். யானை நடந்தால் முதல் இரண்டு எண்களும் ஏறும். ஜீப் போனால் கடைசி இரண்டும். எல்லாவற்றையும் பார்த்து, யானையா இல்லையா என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடும். சோதித்தபோது சரியாகவே சொன்னது. வேறு ஆளாக இருந்தால் அன்றே ஊருக்கு பஸ் ஏறியிருப்பான்.

இவருக்குப் பன்னிரண்டு எண்களுக்கும் அர்த்தம் தெரிந்தாக வேண்டும்! அதற்காக எங்களை நடக்கவிட்டார், ஓடவிட்டார், குதிக்கவிட்டார். மானேஜரிடமே போய், "ஏனுங்க சார், நீங்க நெம்ப வெயிட்டுங்க. பொட்டிக்கிட்ட ரெண்டு நடை நடந்து காட்டுங்க" என்றார். மானேஜர் நடந்தார். இவர் அந்தப் பக்கம் போனதும் மானேஜர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை.

பதினோரு எண்களுக்குக் காரணம் கிடைத்தது. ஏழாவதற்கு மட்டும் இல்லை.

"ஏழு பெருசா இருந்தா யானை இல்லைங்குதுங்க. ஏனுங்க?"

"யானை இல்லாதப்ப இல்லைன்னுதானே சொல்லுது? விடுங்க சார்."

"சரியாச் சொல்றது வேறைங்க. எதைப் பார்த்துச் சொல்லுதுன்னு தெரியோணுமுங்க."

ஏழாவதைத் தேடித் தண்ணீர் மோட்டாரை நிறுத்தினார். லயம் முழுக்கக் குளிக்காமல் வேலைக்குப் போனது. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் மின்விசிறியை நிறுத்தினார். ஸ்டோர்க்காரர் என்னைத் தேடி வந்து சட்டையைப் பிடித்தார். கடைசியில் கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ஓடிக்கொண்டிருந்த என் மனைவியின் கிரைண்டரிடம் வந்து சேர்ந்தார்.

"ஏங்க, இந்த ஏழு சாரை அங்கிட்டுக் கூட்டிட்டுப் போங்க! மாவு அரைக்க விடமாட்டேங்கிறாரு" என்று அவள் கத்தினாள். கிரைண்டரை நிறுத்தினார், ஏழு இறங்கியது. ஓடவிட்டார், ஏறியது. குழந்தை மாதிரி கைதட்டினார்.

கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்க, யானை நடையைக் காட்டோரத்தில் பதிவு செய்திருந்தார். யானை இல்லாத பதிவெல்லாம் கடைக்குப் பின்னால், கிரைண்டர் ஓடும்போது எடுத்தது. அதனால் கிரைண்டர் ஓடினால் யானை இல்லை என்று கம்ப்யூட்டர் தானாகவே முடிவு கட்டியிருந்தது. எல்லாவற்றையும் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும் என்றார். அவர் கம்பெனியோ, கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பி வா என்றது.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு நானே கையெழுத்துப் போட்ட படிவத்தோடு போனேன். வாங்க மாட்டேன் என்றார். பொறுமை போய், "ஒரு மாவு மெஷினுக்காக எங்க உயிரை வாங்குறீங்களே!" என்று கத்தினேன். கொட்டகையில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் திரையையே பார்த்தார். பிறகு மெதுவாக, "முதல் ரெண்டும் ஏறுதுங்க" என்றார்.

எட்டிப் பார்த்தேன். 'யானை இல்லை' என்று பச்சை எழுத்தில் இருந்தது.

"அதான் இல்லைங்குதே சார்!"

அவர் எழுந்து ஓடியிருந்தார். மாடிப்படி ஏறினாலே இரைக்கும் மனிதர், கொட்டகைக்குள் பாய்ந்து, "அக்கா, வாங்க!" என்று மாவுக்கையோடு என் மனைவியை இழுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தார். நானும் ஓடினேன். திரும்பிப் பார்த்தபோது ஏலச்செடிகளுக்குள்ளிருந்து வந்த யானை, கொட்டகைத் தகரத்தைத் தட்டிக் கீழே தள்ளிவிட்டு, ஊறவைத்த அரிசியில் தும்பிக்கையை விட்டது. கிரைண்டர் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. யாருடைய செல்போனும் மூச்சு விடவில்லை.

மனைவி ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். இவர் என்ன சொன்னார் தெரியுமா?

"ஏனுங்க, அது போனப்புறம் காலடித் தடத்தை அளக்கோணும். நீங்க டேப்பைப் பிடிச்சுக்குங்க."

வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். பிறகு டேப்பைப் பிடித்தேன்.

கிரைண்டர் ஓடும்போதும் ஓடாதபோதும், காட்டோரத்திலும் கடையோரத்திலும், இன்னும் இரண்டு மாதம் எங்களைப் படுத்திப் புதிதாகப் பதிவு செய்தார். அதன் பிறகே புதுப் படிவத்தை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். ஊரே நிம்மதியாக மூச்சு விட்டது.

போன மாதம் அகளியிலிருந்து ஒரு ஆபீஸ்காரர் போன் செய்தார். இப்போது ஏழாம் நம்பர் அங்கே இருக்கிறாராம். "இந்த ஆளு எப்பவுமே இப்படித்தானா?" என்று கேட்டார். அரைமணி நேரம் இரண்டு பேரும் சேர்ந்து மனம்விட்டுத் திட்டினோம். போனை வைக்கப் போனவரை நிறுத்தினேன்.

"சார், அவரு மத்தியானம் சாப்பிட மறந்துருவாரு. ஒரு மணிக்கு யாராச்சும் கையைப் பிடிச்சு உக்கார வைங்க. ரசம் இருந்தா ரெண்டு தடவை ஊத்துங்க. தானா கேக்க மாட்டாரு."