கடல் தெரியும் வீடு

லிஃப்டில் மாமனார் பெட்டியோடு நின்றிருந்தார். கணக்கு வாத்தியாரின் விரல் தன் வீடிருந்த இரண்டாம் மாடியை விட்டுவிட்டு ஆறை அழுத்தியது.

"பொட்டல் காட்டுல கொண்டுபோய் என் பொண்ணை வெக்கறீங்களே" என்று குடிவந்த புதிதில் மாமனார் குறைபட்டபோது, "பால்கனியில நின்னா கடல் தெரியும் மாமா" என்று போனில் அளந்துவிட்டிருந்தார். தெரிந்ததெல்லாம் தண்ணீர்த் தொட்டிதான்.

இப்போது மாமனாரும் மாமியாரும் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார்கள். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். ஆறாம் மாடிக்காரரோ, பார்க்கும்போதெல்லாம் "கடலைப் பார்த்துக்கிட்டேதான் சார் காபி" என்பவர். குடும்பத்தோடு வெளியூர் போகையில் சாவியை வாத்தியாரிடம் கொடுத்திருந்தார். கடலைக் காட்டிவிடலாம். அதற்கப்புறம்? அதை வாத்தியார் யோசிக்கவில்லை.

உள்ளே நுழைந்ததும் மாமியார் சுவரைப் பார்த்தார். "போட்டோவுல யாரு மாப்பிள்ளை?"

"எங்க... ஹெட்மாஸ்டர் குடும்பம்."

"அவங்களையா ஹால்ல மாட்டியிருக்கீங்க?"

"ரொம்ப மரியாதை அத்தை."

பேச்சை மாற்றத் திரைச்சீலையை விலக்கினார். எதிர் பிளாக்கின் சுவர். ஒரு ஏசி பெட்டி. காயும் பனியன்.

"கடல் எங்க?"

"இன்னிக்கு மூட்டமா இருக்கு மாமா. மத்தியானத்துக்கு மேல தெரியும்."

வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது.

"அப்போ இருந்தே பாத்துட்டுப் போறோம்" என்று மாமனார் சட்டையைக் கழற்றிக் குளிக்கப் போனார். அந்த வீட்டுத் துண்டைக் கட்டிக்கொண்டு அவர் வெளியே வரவும், வாசல் கதவு திறக்கவும் சரியாக இருந்தது. ஆறாம் மாடிக்காரரின் மனைவி பையோடு நின்றாள்.

மாமியார் முகம் மலர்ந்தது. "வாங்கம்மா! மாப்பிள்ளை, உங்க ஹெட்மாஸ்டர் சம்சாரம் வந்திருக்காங்க பாருங்க!"

வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார்.

"இது எங்க வீடு இல்ல மாமா. எங்க வீட்டுல கடல் தெரியாது. நீங்க என்னை மட்டமா நினைச்சிடக் கூடாதேன்னு பொய் சொல்லிட்டேன்."

மாமனார் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வாத்தியார் அந்தப் பெண் பக்கம் திரும்பிக் கைகூப்பினார்.

"மன்னிச்சிடும்மா. இங்கேருந்து கடல் தெரியும்னு உங்க வீட்டுக்காரர் சொன்னாரு, அதை நம்பி..."

அவள் முகமும் சிவந்துபோனது. பையைக் கீழே வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"விடுங்கண்ணா. எங்க ஆளுங்க வந்தா நாங்க எட்டாவது மாடி சாவியைத்தான் வாங்குவோம்."