ஜீப்புக்கு மூக்கு வைத்த கதை

ஐ.டி.ஐ. முடித்த எவனையும் ஒரு தொழிற்சாலையில் ஒரு வருஷம் விட்டுப் பாருங்கள். இரண்டாவது வருஷம் ஆண்டவன் படைப்பிலேயே அளவு தப்பியிருக்கிறது என்பான். நானும் அந்த ஜாதிதான். எண்பதுகளில் ஓசூரில் ஒரு கம்பெனியில் டர்னர் வேலை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு வெர்னியர் காலிப்பர். (எதை அளக்க என்று கேட்காதீர்கள். டீக்கடை வடையைக்கூட அளந்திருக்கிறேன்.) அந்த நாளில் நான் செய்த ஒரு காரியத்தை எங்கள் வீட்டில் என்னை வைத்துக்கொண்டே, நான் அங்கே இல்லாத மாதிரி சொல்லிச் சிரிக்கிறார்கள். அதனால் நானே ஒரு தடவை சொல்லிவிடுவது என் மானத்துக்கு நல்லது. மிச்சம் மீதி இருக்கிற மானத்துக்கு.

எனக்குப் பெண் பார்த்திருந்தது அஞ்செட்டியைத் தாண்டி, காட்டை ஒட்டிய ஒரு சின்ன ஊரில். பெயர் மாதேவி. ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். காபி டம்ளரை நீட்டியவள் என் பையிலிருந்த காலிப்பரைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். அவ்வளவுதான், ஆள் காலி. அந்த வாரம் நான் மிஷினில் வெட்டியது எல்லாமே ரிஜெக்ட்.

அந்த ஊருக்குப் போகிற வழியில் பாலம் இல்லாத ஒரு காட்டாறு. நிச்சயத்துக்குக் குறித்த நாளில் பிடித்தது மழை. இக்கரையில் தட்டோடு நாங்கள், அக்கரையில் குடையோடு அவர்கள். மூன்று மணி நேரம் ஒருவரை ஒருவர் பார்த்துக் கையாட்டிவிட்டு வீடு திரும்பினோம். ஒரு வாரம் கழித்துப் பெண்ணின் அப்பா மாதையனிடமிருந்து ஒரு கார்டு வந்தது. "வருகிற புதன்கிழமை காலை பத்தரைக்குள் நல்ல நேரம். அன்றும் தடங்கல் ஏற்பட்டால், தெய்வ சித்தம் என்று கொண்டு, பெண்ணை என் அக்காள் மகனுக்கே கொடுப்பதாக உத்தேசம்."

கார்டைப் படித்துவிட்டு ஜன்னலைத் திறந்தேன். வெளியே ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது.

அப்பா இல்லாத வீடு எங்களுடையது. எனக்கு எல்லாமே என் தாய்மாமன் கோவிந்தன்தான். ராணுவத்தில் கழித்துக் கட்டிய ஒரு ஜீப்பை ஏலத்தில் எடுத்து, டீசல் எஞ்சின் மாட்டி, சந்தைக்குச் சந்தை ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார். அவரிடம் போய் நின்றேன்.

"டேய் மருமவனே, ஆழம் இடுப்புக்கு இருக்குதுடா. டீசல் எஞ்சின் காத்தோட தண்ணியயும் இழுத்துக்கிச்சுன்னா அதோட அம்பேல். ராடு வளைஞ்சி போவும்."

"அது மூச்சு உடற ஓட்டைய கூரைக்கு மேல தூக்கிட்டா?"

மாமா பீடியை வாயிலிருந்து எடுத்தார். "அப்ப எஞ்சின் பொழைச்சிக்கும். நாம?"

"நமக்குத்தான் மூக்கு மேலயே இருக்குதே மாமா."

இந்தப் பதிலில் மனுஷன் மயங்கிவிட்டார். அன்றே வேலையை ஆரம்பித்தோம். பாரூரில் எங்கள் கழனிக்குப் போர்வெல் போட்டு மிச்சமான இரும்புப் பைப்பை எடுத்துக்கொண்டு, ஓசூரில் பசப்பா என்கிற கன்னடக்கார வெல்டரிடம் போனேன். ஏர் கிளீனரைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த வாயில் ரேடியேட்டர் ஹோஸ், அதிலிருந்து பைப், கண்ணாடிச் சட்டத்தோடு ஒட்டிக் கூரைக்கு மேலே ஒரு முழம் உயரம் என்று சாக்பீஸால் தரையிலேயே படம் போட்டுக் காட்டினேன். பசப்பா படத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"ஆகல்ல சார். இது ஆகாது."

"ஏன் ஆகல்ல?"

"தெரியல சார். பாத்தாலே ஆகல்லன்னு தோணுது."

இருந்தாலும் பற்ற வைத்தார். இத்தோடு நான் நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் புத்தி சும்மா இருக்குமா? காற்று நிறைய வேண்டுமே என்று, சவுண்ட் செட் கடையில் கெட்டுப்போய்க் கிடந்த ஒரு கூம்பு ஸ்பீக்கரை வாங்கி வந்து, வாய் முன்பக்கம் பார்க்கிற மாதிரி பைப் உச்சியில் மாட்டினேன். தண்ணீர் தெறித்தால் அடைத்துக்கொள்ளட்டும் என்று கூம்பின் குறுகிய இடத்தில் லாரி டியூப்பை வெட்டி ஒரு ரப்பர் நாக்கும் வைத்தேன். அரை மில்லி பிசகாமல் காலிப்பரால் அளந்து வெட்டிய நாக்கு. (நாதஸ்வரத்தில் சீவாளி என்று ஒன்று இருப்பது எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.) ஓசூரில் ஓட்டிப் பார்த்தபோது காய்ந்த நாக்கு சத்தம் காட்டாமல் கிடந்தது. கொஞ்சம் உறுமல், அவ்வளவுதான்.

புதன்கிழமை விடியற்காலையே கிளம்பினோம். சொந்தக்காரர்கள் எல்லாம் பைப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கல்யாணத்துக்குக் கண்டிப்பா வந்துடறோம்" என்று நழுவிவிட்டார்கள். ஓட்ட மாமா, பக்கத்தில் பட்டு வேட்டியில் நான், பின்னால் தட்டுகளோடு அம்மா. கூரை மேல் சாம்பல் நிறத் தார்ப்பாய் போர்த்தி, அதன் மேல் இரண்டு வாழைத்தார், எங்கள் கழனிக் கரும்பு ஒரு கட்டு.

ஆற்றில் இறங்கும் முன், ஃபேன் சுற்றித் தண்ணீரை எஞ்சின் மேல் வாரி அடிக்காமல் இருக்க, ஃபேன் பெல்ட்டைக் கழற்றினேன். தண்ணீர் முதலில் பாதத்தை நனைத்தது, அப்புறம் முழங்கால். அம்மா தட்டுகளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, "முருகா, முருகா" என்றாள். பானெட்டுக்கு மேல் அலை அடித்தது. கூம்புக்குள்ளும் கொஞ்சம் தெறித்தது. எஞ்சின் நிற்கவில்லை! சேற்றுத் தண்ணீருக்கு நடுவில் ராஜா மாதிரி மூச்சு விட்டுக்கொண்டு போனது. நான் பக்கவாட்டில் தலையை வெளியே நீட்டிக் கத்தினேன். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை. மாதேவி எனக்குத்தான் என்று தண்ணீரே சொல்லிவிட்ட மாதிரி இருந்தது.

அக்கரை மேட்டில் ஏற மாமா ஃபஸ்ட் கியர் போட்டு ஆக்சிலேட்டரை மிதித்தார். அப்போதுதான் அது கேட்டது.

"ப்ப்ப்ரேஏஏஏங்ங்!"

மாமாவின் முகம் வெளுத்தது. "டேய்... ஆனைடா!"

"எங்க மாமா?"

"ரொம்பக் கிட்டடா!" என்று இன்னும் அழுத்தி மிதித்தார். பிளிறல் இன்னும் பக்கத்தில் வந்தது. நாங்கள் வேகம் எடுக்க எடுக்க அதுவும் வேகம் எடுத்தது. நான் திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன், மழை விட்டதும் இறங்கிய பனியில் ஒன்றும் தெரியவில்லை. "உடாதீங்க மாமா, மிதிங்க, மிதிங்க!" என்று மாமாவின் தொடையில் அடித்தேன். நனைந்த ரப்பர் நாக்குதான் தலைக்கு மேல் அடித்துக்கொண்டு கத்துகிறது என்று காலிப்பர் வைத்திருந்த அறிவாளிக்குத் தோன்றவே இல்லை.

எங்களுக்குத் தெரியாத சங்கதி இன்னொன்று இருந்தது. ராகி கதிர் முற்றிய சமயம். மூன்று நாளாக ஒரு ஒற்றை ஆனை ஊருக்குள் வந்துபோய்க்கொண்டிருந்தது. பெண்ணுக்கு நிச்சயம் என்றால் ஆனை லீவு எடுக்குமா? மாதையன் புது வேட்டி கட்டிக்கொண்டு, வீட்டை ஒட்டிய ராகிக் காட்டில், பரண் மேல் வெடிக் கட்டோடு காவல் இருந்தார். பனிக்குள்ளிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய உருவம், தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு, எங்கேயோ திருடிய வாழைத்தாரும் கரும்புமாகப் பிளிறிக்கொண்டு ஓடி வந்தால் மனுஷன் என்ன செய்வார்? வெடிக் கட்டை அப்படியே கொளுத்தி எறிந்தார்.

வெடி பானெட் மேல் விழுந்து வெடித்தது. மாமா ஸ்டியரிங்கை ஒடிக்க, ஜீப் ராகிக்குள் பாய்ந்து நின்றது. ஊரே தகர டப்பாவைத் தட்டியது. நான் குதித்து ஓடி, கண்ணில் பட்ட ஏணியில் ஏறினேன். மேலே தீப்பெட்டியோடு மாதையன். புகையில் அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

"யாருப்பா நீ?"

"மாப்ளைங்க."

"ஆனை எங்க?"

"பின்னாலயே வருதுங்க மாமா!"

பின்னால் வந்தது அம்மா. தட்டைத் தலையிலிருந்து இறக்காமல் ராகியை விலக்கிக்கொண்டு வந்து, மாதையனை நிமிர்ந்து பார்த்து, "அண்ணா, நேரம் போவுது. தட்டெல்லாம் எங்க வெக்கறது?" என்றாள். ஜீப்பில் கோவிந்தன் மாமாவின் கால் மட்டும் நடுங்கி நடுங்கி ஆக்சிலேட்டரிலேயே இருந்தது. அது நடுங்கும்போதெல்லாம் ஒரு பிளிறல், ஊர் மொத்தமும் ஒரு துள்ளல்.

வீட்டிலிருந்து பெண்கள் ஓடி வந்தார்கள். மாதேவி நேராக ஜீப்பிடம் போனாள். பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மட்கார்டில் ஏறி, கூம்புக்குள் கையை விட்டு, சொட்டச் சொட்ட அந்த நாக்கைப் பிய்த்தெடுத்தாள். "புஸ்" என்று மூச்சு மட்டும் வந்தது.

"இதுதாங்கப்பா உங்க ஆனை" என்றாள்.

ஊர் சிரித்த சிரிப்பை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. மாதையன் மட்டும் சிரிக்கவில்லை. மிதிபட்ட ராகியைப் பார்த்தார். கூட்டத்தில் ஒரு கிழவர், "ஆரம்பமே சரியில்லையேப்பா. அக்கா மவன்தான் கைல இருக்கானே" என்றார்.

"ஆமா, அவன் எங்க?" என்றார் மாதையன்.

எல்லோரும் தேடினார்கள். ஆள் புளியமரத்தின் உச்சியில் கண்ணை மூடிக்கொண்டு கிளையைக் கட்டிப்பிடித்திருந்தான். மாதையன் மரத்தைப் பார்த்தார், பக்கத்தில் பரணிலேயே அவருடைய வேட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். "ஒருத்தன் மரத்துல, ஒருத்தன் பரண்ல. நான் எவனுக்கும்மா உன்னக் குடுப்பேன்?"

மாதேவி தலையைக் குனியாமல் சொன்னாள்: "அவன் ஊட்ல இருந்து ஏறினாம்பா. இவரு ஆத்தத் தாண்டி வந்து ஏறினாரு."

என்னையும் மீறி அழுதுவிட்டேன். (வெடிப் புகை என்று அன்றைக்குச் சமாளித்தேன்.) மாதையன் தீப்பெட்டியை மடியில் செருகிக்கொண்டு, "பத்தரை ஆவப் போவுது, எறங்குங்க மாப்ள" என்றார். ஈர வேட்டியோடு தட்டு மாற்றிக்கொண்டோம்.

கல்யாணம் முடிந்து அடுத்த வருஷம் தலை தீபாவளிக்குப் போனேன். எண்ணெய், சீயக்காய், புது வேட்டி, ஆட்டுக்கறி என்று ஒரு குறை இல்லை. வெடி மட்டும் ஒன்றுகூட இல்லை. பக்கத்து வீட்டு மாப்பிள்ளை சரம் சரமாய்க் கொளுத்திக்கொண்டிருக்க, எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "என்னாங்க மாமா, தலை தீபாவளிக்கு மாப்ளைக்கு வெடி கெடையாதா?" என்று கேட்டே விட்டேன்.

மாமனார் வெற்றிலையை நிதானமாக மடித்தார்.

"எல்லா ஊட்லயும் பொண்ணக் குடுத்துட்டு வெடி வெப்பாங்க. உங்களுக்கு மட்டும் வெடியப் போட்டுட்டு அப்பறமாத்தான் பொண்ணையே குடுத்தேன். இன்னுமா பத்தல?"

உள்ளே மாதேவி சிரித்த சிரிப்பில் ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது. இன்றைக்கும் எங்கள் வீட்டுத் தீபாவளியில் பேரப்பிள்ளைகளுக்கு வெடியைப் பங்கு பிரிக்கிறபோது, எனக்கு ஒன்றும் கொடுப்பதில்லை. "தாத்தாவுக்கு அவங்க மாமனாரே போட்டுட்டாரு" என்று சின்னது வரை சொல்கிறது.