வண்டு வந்த வழி

கூடத்தில் நால்வர் இருந்தார்கள். சாய்வு நாற்காலியில் மாமனார். கட்டில் நுனியில் அவர் மகள். முக்காலியில் அவள் கணவரான குமாஸ்தா. கூப்பிடாமலேயே புத்தகத்தோடு இறங்கி வந்திருந்த மாடிவீட்டுக்காரருக்கு நல்ல நாற்காலி. அவர் பூச்சித்தடுப்பு அதிகாரி. நடுவில், கவிழ்த்த கண்ணாடி டம்ளருக்குள், அலமாரிக் கதவில் பிடிபட்ட வண்டு.

அதிகாரி புத்தகத்தோடு ஒப்பிட்டார். "கறுப்பு உடம்பு, பளபளப்பு. முதுகுல வெள்ளைப் புள்ளி. உடம்பைவிட நீளமா ரெண்டு மீசை, பட்டை பட்டையா. சரியா இருக்கு. வாழுமிடம், குளிர்மலை பைன் காடு மட்டும். பைன் பலகைக்குள்ள புழுவா இருந்து, வளந்ததும் ஓட்டை போட்டு வெளிய வரும். தேக்கைத் தொடாது."

எல்லோரும் அலமாரியைப் பார்த்தார்கள். அதைக் கல்யாணத்துக்குக் கொடுத்த மாமனார், பதினோரு வருடமாகச் சாப்பிட உட்காரும்போதெல்லாம் அது அசல் தேக்கு என்று சொல்லி வருபவர்.

"தேக்குதான்," என்றார் மாமனார். குரல் கம்மியிருந்தது. மகளுக்குக் கண் கலங்கியது.

குமாஸ்தாவுக்கு மனசு கேட்கவில்லை. "ஜன்னல் வழியா வந்திருக்கும் சார்."

"அப்படின்னா தெருவுல பரவியிருக்கு. சட்டப்படி சுத்தி இருநூறு மீட்டருக்கு எல்லா மரத்தையும் வெட்டணும்."

"எங்க எலுமிச்சையுமா?" என்றாள் மனைவி.

"முதல்ல அதைத்தான்."

"இல்ல சார், என் பையில வந்திருக்கும்," என்றார் குமாஸ்தா. "போன மாசம் மலைக்குப் போயிருந்தேன்."

"எந்த மலைக்கு?" என்றாள் மனைவி. "கடலோரத்துல ஆபீஸ் பயிற்சின்னுதானே போனீங்க?"

"பயிற்சி முடிஞ்சு, சாயங்காலம் அப்படியே..."

"கடலோரத்துலேர்ந்து அப்படியே மலைக்கு. யாரோட?"

மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். குரல் தெளிந்துவிட்டது. "சொல்லுங்க மாப்ள. யாரோட?"

அதிகாரி மட்டும் நிதானமாக இருந்தார். "அதை அப்புறம் பேசிக்குங்க. வண்டு உங்களாலதான் வந்ததுன்னு நாலு வரி எழுதிக் குடுங்க. மரமும் பிழைக்கும், அலமாரிக்கும் பழி வராது."

குமாஸ்தா எழுதினார். மேற்படி வண்டு என் கவனக்குறைவால் மட்டுமே இங்கு வந்து சேர்ந்தது, வேறு எவருக்கும் இதில் பொறுப்பில்லை. கடைசி வாக்கியத்தை அதிகாரி சொல்லச் சொல்லச் சேர்த்துக் கையெழுத்திட்டார்.

அதிகாரி அதை உறையில் போட்டு ஒட்டி, முத்திரை குத்தி, வாசலில் காத்திருந்த டிரைவரிடம் கொடுத்தார். ஜீப் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

மாடிப்படியிலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, நம்ம வீட்டு பாட்டில்லேர்ந்து தப்பிச்ச வண்டுக்கு ஆள் கிடைச்சாச்சா?"